குடும்பத்தோடு எழுப்புதல் ஊழியத்துக்குப் புறப்படலாமா: ஃபீனிக்ஸ் சகோதரிக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கணவர், தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு முழுநேரச் சுவிசேஷகராகத் தீர்மானித்திருக்கிறார். இருக்கிற வீட்டை விற்று, பழைய கூடாரம் ஒன்றும் கேரவன் ஒன்றும் வாங்கி, பதினொரு வயது மகளையும் ஆறு வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக எழுப்புதல் கூட்டங்கள் நடத்துவது அவருடைய எண்ணம். பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும், காணிக்கையை நம்பிப் பிழைக்க முடியுமா, எங்கே தங்குவது, கூடாரம் அடிக்க என்ன அனுமதி வேண்டும் என்று நான்கு கேள்விகளைச் சகோதரி வரிசையாகக் கேட்டிருக்கிறார். அந்த நான்குக்கும் பதில் உண்டு, சொல்லவும் போகிறேன். ஆயினும் அவர் எழுதியதன் நடுவில், போகிற போக்கில் சொன்னதுபோல், மகளுக்கு மேடையில் பாட விருப்பமில்லை, அதை அப்பாவிடம் சொல்லப் பயப்படுகிறாள் என்று ஒரு வரி இருக்கிறது. உண்மையில் கேட்கப்பட்ட கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அழைப்பு ஒருவருக்கு வந்திருக்கும்போது, அதன் சுமையில் எவ்வளவை மற்ற மூவர் தோளிலும் வைக்கலாம் என்பதே அந்தக் கேள்வி.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டர்பனுக்கு வடக்கே கரும்புத் தோட்ட ஊரான டொங்காட்டில் பிறந்த நான் ஒரு சுவிசேஷகரின் மகள். பள்ளிக்கூட ஆசிரியையாக வேலை பார்த்தேன். குடும்ப ஆலோசனையில் முறையான பயிற்சி பெற்று, ஓய்வுக்குப் பிறகு ஊழியர் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதையே வேலையாக வைத்திருக்கிறேன். நான் அறிந்தது நேட்டால் மாகாணத்திலும், ஜோகன்னஸ்பர்க் இருந்த பழைய டிரான்ஸ்வால் மாகாணத்திலும் உள்ள நம் இந்தியப் பெந்தெகொஸ்தே சபைகளின் வாழ்க்கை. ஜூலு மக்கள் நடத்தும் கூடார ஊழியங்களையும் ஆஃப்ரிகான்ஸ் பேசுவோரின் ஊழியங்களையும் வெளியிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர உள்ளிருந்து அறியேன். இன்னொரு குறையும் உண்டு. என்னிடம் பேச வருபவர்கள் பெரும்பாலும் இன்னும் சபைக்குள் இருப்பவர்கள். மனம் கசந்து முற்றிலும் விலகிப்போன சுவிசேஷகர் பிள்ளைகள் என்னைத் தேடி வருவது அரிது. ஆகவே என் கணிப்பு உள்ளதைவிடச் சற்று நம்பிக்கையான பக்கமாகவே சாய்ந்திருக்கக்கூடும். அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவந்த முதல் ஒப்பந்தக் கூலிகளிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் நம் மக்களிடையே கிறிஸ்தவம் பெருகியது மிஷன் பள்ளிகளால் மட்டும் அல்ல. எழுப்புதல் கூட்டங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஜே. எஃப். ரோலண்ட்ஸ் 1931இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கிய பெதஸ்தா ஊழியம் ஃபுல் காஸ்பல் சபையோடு இணைந்து, கரும்புத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து டர்பனின் இந்தியக் குடியிருப்பான சாட்ஸ்வொர்த் வரை பரவியது. 1951இல் அமெரிக்கச் சுவிசேஷகர் வில்லியம் பிரனாம் டர்பன் கிரேவில் குதிரைப்பந்தயத் திடலில் நடத்திய கூட்டங்களுக்கு எல்லா இனத்தாரும் திரண்டு வந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார்கள். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்நாட்டு இந்தியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தம்மைக் கிறிஸ்தவர் என்று பதிந்தார். அந்தப் பெருக்கத்துக்காக உழைத்த சுவிசேஷகர்களின் பெயர்களைச் சபை வரலாறுகள் சொல்கின்றன. அவர்களோடு வண்டியில் போன மனைவி மக்களைப் பற்றி அவை மிகக் குறைவாகவே சொல்கின்றன.

சொல்லப்பட்ட சில கதைகளும் எச்சரிக்கையாகவே இருக்கின்றன. 1908இல் ஜான் ஜி. லேக் என்ற அமெரிக்கர் மனைவி ஜென்னியோடும் ஏழு பிள்ளைகளோடும் இந்நாட்டுக்கு வந்து, இன்றைய அப்போஸ்தல விசுவாச மிஷன் என்ற பெந்தெகொஸ்தே சபைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் வெளியூரில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது ஜென்னி இறந்துபோனார். அளவுக்கு மீறிய உழைப்பும் போதிய உணவின்மையும் காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். காரணம் பற்றிய கூற்றுகள் வேறுபடலாம். ஏழு பிள்ளைகள் அந்நிய நாட்டில் தாயை இழந்து நின்றதில் ஐயமில்லை. மாறாக, அமெரிக்காவில் ஏமி செம்பிள் மக்ஃபர்சன் தன் தாயையும் இரண்டு பிள்ளைகளையும் மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு 1918இல் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து லாஸ் ஏஞ்செல்ஸ் வரை போனார். அங்கே விசுவாசிகள் நிலத்தையும் உழைப்பையும் கொடுத்து அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டித் தந்தார்கள். அவர் அதன் பிறகும் பயணம் போனார். ஆனால் பிள்ளைகளுக்குத் திரும்பி வர ஒரு முகவரி இருந்தது.

வேதத்தைத் திறந்தாலும் இதுவே தெரிகிறது. அப்போஸ்தலருடைய நடபடிகளில் ‘சுவிசேஷகன்’ என்று பட்டம் பெறுகிற ஒரே மனிதர் பிலிப்பு. அவரைப் பற்றி இருபத்தோராம் அதிகாரம் சொல்லும் செய்தி, செசரியாவில் அவருக்கு வீடு இருந்தது, தீர்க்கதரிசனம் சொல்லும் நான்கு குமாரத்திகள் இருந்தார்கள் என்பதே. சமாரியாவரை ஓடி ஓடிப் பிரசங்கித்தவர், பவுல் வந்து தங்கும் அளவுக்கு ஒரு வீட்டை வைத்திருந்தார். சாமுவேலும் வருஷந்தோறும் பெத்தேலுக்கும் கில்காலுக்கும் மிஸ்பாவுக்கும் சுற்றிப் போய், தன் வீடு இருந்த ராமாவுக்குத் திரும்பி வருவார். உங்கள் கணவர் வேத வசனத்துக்குச் செவிகொடுப்பவர் என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். நேர்மையாக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ராமாவில் வீடு இருந்தும் சாமுவேலின் குமாரர்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்குகிறவர்களாகப் போனார்கள். வீடு இருந்தால் பிள்ளைகள் சரியாக வளர்வார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. வீடு இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தங்குமிடத்துக்கு வருகிறேன். விசுவாசிகளின் வீடுகளில் தங்குவது நம் ஊழியர்களிடையே பழகிப்போன வழக்கம்; அதற்கு விருந்தோம்பல் மட்டும் காரணமல்ல. நிறவெறிக் காலத்தில் பெரும்பாலான ஓட்டல்கள் நமக்கு அடைத்தே கிடந்தன. 1975 வரை ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போக இந்தியர்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர்கள் குடியேறுவதற்கு 1891இலேயே விதிக்கப்பட்ட தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிற நெடுஞ்சாலை வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித் வழியாக அந்த மாகாணத்தைத்தான் கடந்து போகிறது; அந்தக் காலத்தில் அங்கே இராத் தங்க முடியாது. ஆகவே லேடிஸ்மித்திலோ நியூகாசிலிலோ ஒரு விசுவாசி வீட்டில் படுத்து, விடியுமுன் எழுந்து, வழியில் நிற்காமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டுவது அந்தத் தலைமுறை ஊழியர்களின் வழக்கமாக இருந்தது. பின்சீட்டில் தூங்கிய பிள்ளைகளுக்கு ஏன் நிற்கவில்லை என்று யாரும் விளக்கவில்லை. அந்தச் சட்டங்கள் போய்விட்டன. அடுத்தவர் வீட்டில் தங்கும் வழக்கம் மட்டும், வேறு வழியில்லாத காலத்தின் ஏற்பாடு என்பது மறந்துபோய், ஆவிக்குரிய மேன்மையாகவே எண்ணப்படுகிறது.

அந்த வழக்கத்தில் அன்பு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். பாஸ்டர் வருகிறார் என்று பிரியாணி ஆக்கி, தங்கள் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்த ஏழை வீடுகளை நான் அறிவேன். ஆயினும் ஆறு நாள் பிறர் வீட்டில் இருக்கிற குடும்பத்தை உற்றுப் பாருங்கள். தகப்பன் மேசையின் தலைமாட்டில் உட்காருகிறார். தாய், விருந்தாளி என்ற பெயரோடு வந்தவள், இரண்டாம் நாளே சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கணவனும் மனைவியும் கோபித்துக்கொள்வதற்கு ஒரு கதவுகூட இல்லை. பிள்ளைகளோ ‘பாஸ்டர் பிள்ளைகள்’ என்ற பார்வையின் கீழ் காலை முதல் இரவு வரை நல்ல பிள்ளைகளாகவே இருந்தாக வேண்டும். என்னிடம் வந்த பெரியவர்களான சுவிசேஷகர் பிள்ளைகள் வறுமையைப் பற்றி அதிகம் குறைப்பட்டதில்லை. விழித்திருந்த நேரமெல்லாம் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத்தான் சொன்னார்கள்.

ஆகையால் இதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பிள்ளைகள் பெற்றோர் படுக்கும் அறையிலேயே படுக்க வேண்டும். எவ்வளவு பக்தியுள்ள வீடானாலும் இதில் விலக்கு வேண்டாம். கூட்ட நேரத்தில் மகனைத் தெரியாத தன்னார்வலரிடம் ஒப்படைக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது, வெறும் ரொட்டியும் பீன்ஸ் கறியும் ஆனாலும், குடும்பம் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கேரவன் இருந்தால் தனிமை கிடைக்கும் என்பது ஓரளவு உண்மை. அதை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சபை வளாகத்துக்குள் நிறுத்தினால் இரவு பதினோரு மணிக்கும் ஜெபிக்கச் சொல்லிக் கதவைத் தட்டுவார்கள். பாதுகாப்புக் காரணத்தால் திறந்த வெளியில் நிறுத்தவும் முடியாது. முதல் நூற்றாண்டுச் சபையின் கையேடான ‘டிடாக்கே’, ஊர் வரும் ஊழியர் ஒரு நாளோ, அவசியமானால் இரண்டு நாளோ தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. அது சபைகளைக் காப்பாற்ற எழுதியது. ஊழியரின் மனைவியையும் அது காப்பாற்றியிருக்கும் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும்.

இப்போது உங்கள் மகளின் விஷயம். அவளைக் கட்டாயப்படுத்தலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை; நான் நேராகவே சொல்கிறேன், கூடாது. பிள்ளைகள் பாடுவது கூட்டத்தை இளக்கும் என்பது ஒவ்வொரு சுவிசேஷகருக்கும் தெரியும். சின்னப் பெண் ஒருத்தி தமிழில் ஒரு கீர்த்தனை பாடினால், தமிழே மறந்துபோன முதியவர்களும் கண்ணீர் விடுவார்கள். நம் நாட்டில் அந்தக் கண்ணீருக்குப் பக்தியோடு வேறு ஏக்கமும் சேர்ந்த ஒரு பாரம் உண்டு. அந்தப் பாரத்தைப் பதினொரு வயதுப் பிள்ளையால் தாங்க இயலாது. அவள் பாடினால் காணிக்கை கூடுகிறது என்பதை அவளே ஒரு நாள் கண்டுபிடிப்பாள். அதன்பின் தன் பாட்டை அவளாலேயே நம்ப முடியாமல் போகும். விருப்பத்தோடு மேடை ஏறி, இன்றுவரை மகிழ்ச்சியாகப் பாடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். வேறுபாடு, வேண்டாம் என்று சொன்ன நாளில் என்ன நடந்தது என்பதில்தான் இருந்தது. அப்பாவிடம் சொல்லப் பயம் என்றால், வேண்டாம் என்று சொல்வதற்கு அவளுக்கு இன்னும் இடம் கொடுக்கப்படவில்லை என்று பொருள். கணவரிடம் நீங்கள் பேசுங்கள். முடியாவிட்டால் அவர் மதிக்கும் ஒரு மூத்த போதகரை வைத்துப் பேசுங்கள்.

சாட்சி சொல்வதும் இதில் சேரும். நம்மில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் முழுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அல்ல. ஆயா (பாட்டி) வீட்டில் விளக்கு எரியும்; சித்தப்பா தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்; புரட்டாசி முழுக்கப் பெரியம்மா வீட்டில் கவுச்சி சமைப்பதில்லை. அந்தச் சொந்தங்களும் பேத்தி பாடுகிறாள் என்று கூடாரத்துக்கு வந்து பின்வரிசையில் உட்காருகிறார்கள். இருளிலிருந்து வெளியே வந்தோம் என்று பிள்ளையைச் சொல்ல வைக்கும்போது, அந்த இருள் பின்வரிசையில் சேலை கட்டி உட்கார்ந்திருக்கும் ஆயாதான் என்று பிள்ளைக்குத் தெரியும். தகப்பன் தன் மனமாற்றத்தைத் தன் வாயால் சொல்லட்டும். அது அவருடைய உரிமை. பிள்ளைக்கு அப்படி ஒரு கதை கிடையாது. இல்லாத கதையைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதற்கு மிக அருகில் இருக்கிறது.

நோயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகனுக்கு இழுப்பு (ஆஸ்துமா) உண்டு என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நேட்டால் கடற்கரையில் கூடாரக் காலமும் கரும்பு எரிக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆலைகள் ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஓடுகின்றன. மழை ஓய்ந்த குளிர்மாதங்களில்தான் கூடாரமும் அடிக்க முடிகிறது. டொங்காட்டிலும் ஸ்டாங்கரிலும் மாலையில் கரிச்சாம்பல் கூடாரத் துணிமேல் வந்து விழும். உட்புறம் தூசும் ஜெனரேட்டர் புகையும் நிறைந்திருக்கும். தெய்வீக சுகமளித்தலைப் பிரசங்கிக்கும் தகப்பனின் பிள்ளை மேடைக்குப் பக்கத்தில் இழுப்பு மருந்துக் குழலை (இன்ஹேலரை) வாயில் வைத்து இழுப்பதை அவமானமாக நினைக்கும் மனநிலையை நான் கண்டிருக்கிறேன். அது உயிருக்கு ஆபத்து. மருந்து எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்; யாருடைய விசுவாசத்துக்காகவும் அதை ஒளிக்கக் கூடாது. மத நம்பிக்கை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளைக்குச் சிகிச்சையை மறுக்கப் பெற்றோருக்கு உரிமை இல்லை என்று 2005ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டமும் சொல்கிறது. வேலையை விட்டால் கணவரின் நிறுவனம் வழி வரும் மெடிக்கல் எய்டும் (மருத்துவக் காப்பீடு) போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டத்தின்படி பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கலாம். ஆனால் மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்தாக வேண்டும். 2024இல் வந்த திருத்தம் முதல் வகுப்புக்கு முந்திய கிரேட் ஆர் வகுப்பையும் கட்டாயமாக்கிவிட்டதால் உங்கள் மகனும் இதற்குள் வருகிறான். பதிவில்லாமல் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது சட்டப்படியே குற்றம். சட்டத்தைத் தாண்டி, ஆசிரியையாகச் சொல்வதானால், மகனின் வயதில் வண்டியிலேயே எழுத்தும் கணக்கும் கற்பிக்க முடியும். பொறுமையுள்ள தாய் ஒருத்தி காலையில் மூன்று மணி நேரம் அதற்கென்று ஒதுக்கினால் போதும். அந்த மூன்று மணி நேரம் உங்களுக்குக் கிடைக்குமா என்பதே சந்தேகம். நேற்றிரவு கூட்டம் முடியப் பத்தரை, பேசி அனுப்பி முடியப் பதினொன்றரை. காலையில் வீட்டுக்காரர்கள் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள், மத்தியானம் மருத்துவமனைச் சந்திப்பு. மகளுக்கோ இரண்டு மூன்று ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளி வந்துவிடும். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பான மாட்ரிக் வரை அவள் ஒரே பள்ளியில், ஒரே தோழிகளோடு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வண்டியில் படித்தும் மாட்ரிக்கில் சிறந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். தோழி என்று சொல்ல ஒருத்தியும் இல்லாமல் போனதை எந்த மதிப்பெண்ணும் அவர்களுக்கு ஈடுகட்டவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்கள் சுவிசேஷத்தாலே பிழைக்கலாம் என்று பவுல் எழுதினார். அதே பவுல் கூடாரம் பண்ணும் தொழிலைக் கைவிடவும் இல்லை. ஞாயிறு இரவு எடுக்கப்படும் காணிக்கையிலிருந்து மண்டபம், ஒலிபெருக்கி, துண்டுப்பிரசுரம் ஆகியவற்றின் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை ஊழியருக்குக் கொடுப்பது பல சபைகளின் வழக்கம். மீதி இல்லாமலும் போகும். சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் நடக்கும் கூட்டத்தில் பை இளைத்தே இருக்கும். ஜனவரியில் எல்லாரும் பள்ளிச் சீருடைக்கும் கட்டணத்துக்கும் செலவழித்திருப்பார்கள். ஈஸ்டர் கன்வென்ஷன் ஒன்றே நிமிர்த்தும். ஆகவே எரிபொருள் செலவை யார் தருவது, காணிக்கையை எந்த இருவர் எண்ணுவது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். இதைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று சொல்லும் சபைக்குப் போகாமலிருப்பதே நல்லது. பாஸ்டர்கள் விசுவாசிகளைப் புல் தின்ன வைத்த செய்திகளுக்குப் பிறகு மத உரிமைகள் ஆணையம் விசாரணை நடத்தி, 2017இல் வெளியிட்ட அறிக்கைக்குப்பின், கணக்கில்லாத ஊழியத்தை மக்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள், அது நியாயமும்கூட. பெற்ற தொகையை வரிக் கணக்கில் காட்ட வேண்டும். ஓய்வூதியத் தொகையில் கை வைப்பதற்கு முன் ஒரு கணக்காளரைப் பாருங்கள்: 2024 செப்டம்பருக்குப் பின் கட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு வயது வரை பூட்டப்பட்டது, அதற்கு முன் சேர்ந்ததோ ராஜினாமா செய்தால் கைக்கு வரும், வந்தால் கூடாரத்துக்குப் போய்விடும்.

கூடாரத்துக்கான அனுமதி நகராட்சியின் விதிகளைப் பொறுத்தது. இடத்துக்கு இடம் மாறும். தீயணைப்புத் துறையின் சோதனையும் நில உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமும் எங்கும் வேண்டியவை. இரண்டாயிரம் பேரோ அதற்கு மேலோ கொள்ளும் இடமானால் 2010ஆம் ஆண்டின் நிகழ்வுப் பாதுகாப்புச் சட்டம் மதக் கூட்டங்களையும் கட்டுப்படுத்தும். நீங்கள் அந்த அளவுக்குப் போகப் போவதில்லை. பக்கி வண்டியில் (பிக்கப் வண்டி) இழுக்கும் டிரெய்லரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் ‘ஈபி’ வகை ஓட்டுநர் உரிமம் அவசியம். நனைந்த கூடாரத்துணி நீங்கள் நினைப்பதைவிட மிக அதிகக் கனம். காற்றை இலேசாக எண்ண வேண்டாம். 34,000 பேர் அமரக்கூடிய ரைன்ஹார்ட் போங்கேயின் மாபெரும் கூடாரத்தையே 1984இல் கேப் டவுன் காற்று கிழித்துப்போட்டது. நேட்டாலில் குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் உலர்ந்த வெப்பக் காற்று வீசினால், அதன் பின்னாலேயே திடீரென்று குளிர்க்காற்று திரும்பி அடிக்கும் என்று எண்ணி, முளைகளை மறுபடி அறைந்துவிட்டுப் படுப்பதே அனுபவஸ்தர்களின் வழக்கம்.

இவை எல்லாம் தெரிந்த செய்திகள். தெரியாதது, உங்கள் கணவரின் அழைப்பு மெய்யானதா என்பது. அதை என்னால் சொல்ல முடியாது, சொல்வதாக வருகிறவர்களையும் நம்ப வேண்டாம். பிள்ளைகள் இருபது ஆண்டு கழித்து நன்றி சொல்வார்களா, குற்றம் சாட்டுவார்களா என்பதும் தெரியாது. ஒரே வண்டியில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் இருவிதமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

வீட்டை மட்டும் விற்க வேண்டாம். கூடாரம் சொந்தமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டர்பன் வட்டாரத்தில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்குக் கிடைப்பதுபோல் கூட்டத்துக்கும் கிடைக்கும், பல சபைகள் மண்டபமும் தரும். இந்த ஜூன், ஜூலைப் பள்ளி விடுமுறையில் கணவர் தன் ஆண்டு விடுப்பைப் போட்டுவிட்டு, டண்டீ, நியூகாசில், லேடிஸ்மித் என்று மூன்று ஊர்களில் கூட்டம் வைக்கட்டும். நீங்கள் எல்லாரும் கூடப் போங்கள், மகள் பாடாமல் கீழே உட்கார்ந்திருக்கட்டும். அந்தப் பயணத்தில் என்ன செலவாயிற்று, என்ன கிடைத்தது, மகனுக்கு எத்தனை இரவு இழுப்பு வந்தது, நீங்கள் இருவரும் தனியாகப் பேச எத்தனை முறை முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆகஸ்டில் உங்கள் போதகர் முன்னிலையில், மகளையும் உட்காரவைத்து, அந்த நோட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கைந்து பயணமும் இடையில் வேலையும் என்று முடிவாகலாம்; கணவர் தனியாகப் போய் வர, நீங்கள் மூவரும் ஃபீனிக்ஸில் இருப்பது என்றும் முடிவாகலாம். ராஜினாமாக் கடிதம் அதுவரை மேசையறைக்குள்ளேயே இருக்கட்டும்.